இரண்டாவது குழாய் எங்கே போகிறது?

2025 நவம்பர் 28ஆம் தேதி சிகாகோ நகரத்தின் பெரிய வியாபாரச் சந்தை ஸ்தம்பித்து நின்றது. சி.எம்.இ. என்பது அதன் பெயர். கச்சா எண்ணெய், தங்கம், கோதுமை, சோளம், அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரம் ஆகியவற்றில் கோடி கோடியாக முன்பேர வியாபாரம் நடக்கும் இடம் அது. பல மணி நேரம் அங்கே பேரம் நடக்கவில்லை. தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்களா? இல்லை. எங்கேயாவது யுத்தம் மூண்டதா? அதுவும் இல்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் அரோரா என்ற ஊரில் உள்ள கம்ப்யூட்டர்க் கூடத்தில் குளிர்விக்கும் யந்திரம் பழுதாகிவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2023 அக்டோபர் 14ஆம் தேதி, சிங்கப்பூரில் இதே கதை நடந்தது. ஒரு கம்ப்யூட்டர்க் கூடத்தில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது, குளிர்ந்த நீர் போகும் வால்வுகளைத் தவறாக மூடிவிட்டார்கள். கூடம் சூடேறியது. டி.பி.எஸ்., சிட்டி என்ற இரண்டு பெரிய பாங்குகளின் கணக்கு வழக்கு நின்றது. சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் கெட்டுப் போயின. ஒரு வால்வு மூடினால் இரண்டு பாங்குகள் மூடுகின்றன!

இது அமெரிக்காவின் தலைவலி, சிங்கப்பூரின் தலைவலி, நமக்கென்ன என்று வாசகத் தோழர்கள் நினைக்கலாகாது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிற யந்திரம் முதல் ரயில் டிக்கெட் வரை, இன்று எல்லாமே எங்கோ ஓர் இடத்தில் கதவு சாத்திய கட்டிடத்துக்குள் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களை நம்பித்தான் இருக்கின்றன. டேட்டா சென்டர் என்று அதற்குப் பெயர். கடலடிக் கம்பிகள் வந்து கரையேறும் நகரம் என்பதால், இந்தியாவில் மும்பைக்கு அடுத்தபடி சென்னையில்தான் இவை பெருகி வருகின்றன. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்து நிற்கும் ஜன்னல் இல்லாத பெரிய கட்டிடங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் நடப்பதை இஞ்சினீயர்களுக்கும் முதலாளிகளுக்கும் மட்டும் விட்டுவிட முடியாது. ஏனென்றால் அவை குடிப்பது நம் தண்ணீர். தின்பது நம் மின்சாரம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

டேட்டா சென்டருக்குள் ராக் எனப்படும் இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம், இரண்டடி அகலம். அதில் தட்டுத் தட்டாகக் கம்ப்யூட்டர்களைச் செருகி வைப்பார்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதோ அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இதில் விதிவிலக்கு கிடையாது. பல காலமாக ஓர் அலமாரி 5 முதல் 10 கிலோவாட் மின்சாரம் எடுத்து வந்தது. குளிர்ந்த காற்றைத் தரைக்கு அடியிலிருந்து ஊதி அதைச் சமாளித்தார்கள்.

இப்போது செயற்கை அறிவு என்ற புதுச் சரக்கு வந்திருக்கிறது. என்விடியா என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி 2024இல் அறிவித்த ஒரே ஓர் அலமாரியில் 72 பெரிய சிப்கள் அடைத்திருக்கிறார்கள். அது எடுக்கும் மின்சாரம் சுமார் 120 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 120ஐ ஒரு துணி பீரோவுக்குள் அடைத்து, இரவும் பகலும் நிறுத்தாமல் எரிய விடுவது போன்றது இது. ஓர் அலமாரிக்கே இந்தக் கணக்கு. அப்படி நூற்றுக்கணக்கான அலமாரிகள் ஒரு கட்டிடத்தில் நிற்கின்றன.

காற்றால் இதைத் தணிக்க முடியாது. நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பெருக்கல் மறந்துவிடவில்லை. வருகிற காற்று பத்து டிகிரி சூடேறிப் போகலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே அலமாரிக்கு வினாடிக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். அதே வேலையைத் தண்ணீர் செய்தால் வினாடிக்கு 3 லிட்டருக்கும் குறைவாகவே போதும். ஒரே கொள்ளளவில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். கொல்லன் பழுக்கக் காய்ந்த இரும்பை விசிறிக்கொண்டா நிற்கிறான்? தொட்டித் தண்ணீரில்தானே அமிழ்த்துகிறான்!

ஆகவேதான் இன்று தண்ணீரை அலமாரிக்குள்ளேயே கொண்டு வருகிறார்கள். அலமாரியின் பின்கதவையே லாரி ரேடியேட்டர் போலச் செய்து, அதற்குள் குளிர்ந்த நீரை ஓட்டுவது ஒரு முறை. சிப்பின் தலைமேல் ஒரு செம்புத் தகட்டை ஒட்டி, தகட்டுக்குள் மயிரிழை போன்ற கால்வாய்கள் வெட்டி, அதன் வழியே நீரை ஓட்டுவது இரண்டாவது முறை. கம்ப்யூட்டரையே எண்ணெய் போன்ற ஒரு திரவத் தொட்டியில் முக்கி வைப்பது மூன்றாவது. இதில் புதுமை என்று மார்தட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஐ.பி.எம். கம்பெனி 1960களிலேயே பெரிய கம்ப்யூட்டர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது. 1985இல் வந்த கிரே-2 என்ற யந்திரம் திரவத்தில் மூழ்கித்தான் வேலை செய்தது. நடுவில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்கள் வந்ததால் விசிறி போதும் என்று ஆனது. இப்போது மறுபடி பழைய இடத்துக்கே வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒரு வகைக்கு, கொதித்து ஆவியாகித் திரும்பச் சொட்டும் விசேஷ ரசாயனம் தேவைப்படுகிறது. 3எம் என்ற அமெரிக்கக் கம்பெனி அப்படிப்பட்டதைத் தயாரித்து விற்றது. மண்ணிலும் நீரிலும் போய்ச் சேர்ந்தால் சுலபத்தில் அழியாத ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்தக் குடும்பத்து ரசாயனங்கள் குடிநீரில் கலந்த விவகாரத்தில், அமெரிக்க நகரங்களின் குடிநீர் ஸ்தாபனங்களுக்கு 1,030 கோடி டாலர் கொடுக்க 2023இல் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2025 முடிவதற்குள் அந்த உற்பத்தியையே விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அந்த ஜாதி ரசாயனத்தை வேறு பெயரில் நம் ஊருக்கு யாராவது கொண்டு வந்தால், நம் ஜனங்கள் விழித்திருக்க வேண்டும்.

மூடிய குழாய் என்ற பாதி உண்மை

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். அலமாரிக்குள் ஓடும் தண்ணீர் வீணாவதில்லை, மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு தடவை நிரப்பினால் போதும் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. இது பொய்யா? பொய் அல்ல. லாரி ரேடியேட்டரில் உள்ள தண்ணீரைப் போல அது திரும்பத் திரும்பச் சுற்றுவது உண்மைதான். ஆனால் இது பாதி உண்மை; சில சமயம் பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

அலமாரிக்குள் சுற்றும் நீர் சுமந்து வந்த சூடு எங்கே போயிற்று? அது மாயமாகி விடவில்லை. அலமாரி வரிசையின் ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் முதல் குழாயும் இரண்டாவது குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். தண்ணீர் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். இந்த இரண்டாவது குழாய் கட்டிடத்தின் மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ போகிறது. விளம்பரம் முதல் குழாயோடு முடிந்துவிடுகிறது. நம்முடைய கேள்வி இரண்டாவது குழாயில் ஆரம்பிக்கிறது.

மாடியில் அந்தச் சூட்டை வெளியேற்ற மூன்று வழிகள் உண்டு. மின்சாரத்தால் ஓடும் குளிர்பதன யந்திரம் வைக்கலாம். மின்சாரச் செலவு அதிகம். வெறும் விசிறியும் தகட்டுக் குழாயும் வைத்துக் காற்றிலேயே சூட்டை விடலாம். தண்ணீர்ச் செலவு இல்லை, ஆனால் இடம் அதிகம் வேண்டும், முதலீடு அதிகம். மூன்றாவது வழி கூலிங் டவர். நம் வீட்டு மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும். பானை வியர்க்கிறது, வியர்வை ஆவியாகிறது, உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. பானையில் நீர் குறைவதை எந்தத் தாயும் அறிவாள். ராட்சச மண்பானையில் எவ்வளவு குறையும்?

ஒரு யூனிட் மின்சாரம் தரும் சூட்டை ஆவியாக்கித் தள்ள ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் போக வேண்டும். இது இயற்கை விதி. எந்தக் கம்பெனியின் சாமர்த்தியத்தாலும் மாறாது. 120 கிலோவாட் அலமாரி ஒரு நாளில் 2,880 யூனிட் எடுக்கிறது. மொத்தச் சூட்டையும் ஆவியாகவே வெளியேற்றினால், ஒரு நாளைக்கு 4,300 லிட்டர் தண்ணீர். உப்பு சேர்ந்து கெட்டுப்போவதால் அவ்வப்போது திறந்து விடும் நீர் இதில் சேரவில்லை. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது நம் சர்க்காரே வகுத்த அளவு. ஆக, ஒரே ஓர் இரும்பு அலமாரி 32 பேருடைய தண்ணீரைக் குடிக்கிறது. 32 பேருக்கும் அந்த 135 லிட்டர் கிடைக்கிறதா என்பதைத் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மூன்று வழிகளில் எதை எடுப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? முதலாளிதான். எதை வைத்துத் தீர்மானிக்கிறான்? தண்ணீர் விலை எவ்வளவு, மின்சார விலை எவ்வளவு, மனை விலை எவ்வளவு என்ற கணக்கை வைத்து. மின்சாரத்துக்குக் கனத்த பில் வருகிறது, தண்ணீர் மலிவு, ஆழ்துளைக் கிணறு போட்டால் அதனினும் மலிவு. ஆகவே லாபக் கணக்கு தண்ணீரைக் குடி என்று சொல்கிறது.

தி டால்ஸ் நகரத்தில் நடந்தது

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் தி டால்ஸ் என்று ஒரு சிறு நகரம். சுமார் 16,000 ஜனங்கள். அங்கே கூகிள் கம்பெனி 2006 முதல் டேட்டா சென்டர் நடத்தி வருகிறது. கம்பெனி எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஓரிகோனியன் என்ற பத்திரிகை 2021இல் நகரசபையைக் கேட்டது. சாதாரணக் கேள்வி. பதில் என்ன தெரியுமா? அது கம்பெனியின் வியாபார ரகசியம்! ஆற்று நீர் வியாபார ரகசியம் ஆகிவிட்டது. கொடுக்கத்தான் வேண்டும் என்று மாவட்ட அதிகாரி உத்தரவிட்டும் நகரசபை கேட்கவில்லை. பத்திரிகையின் மேல் வழக்குப் போட்டது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை, ஜனங்களுக்குக் கணக்குக் காட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போயிற்று. ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து, 2022 டிசம்பரில்தான் பணிந்தது.

கணக்கு வெளிவந்தபோது தெரிந்தது இது: 2021ஆம் வருஷம் கம்பெனி எடுத்த தண்ணீர் 35.5 கோடி காலன். நம் கணக்கில் சுமார் 134 கோடி லிட்டர். நகரத்தின் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. பணக்கார நாட்டில், பெரிய ஆற்றங்கரையில் இந்தக் கதி. வற்றாத ஆறு இல்லாத சென்னையில் என்ன நடக்கும்?

2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டாங்கி வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்து சேர்ந்தபோது அமைச்சர்கள் போய் வரவேற்றார்கள். அந்த ரயில் நீரை மேலே சொன்ன அலமாரிகளின் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 580 அலமாரிகள் அதை ஒரே நாளில் ஆவியாக்கிவிடும். 580 அலமாரி என்றால் சுமார் 70 மெகாவாட். இன்று கட்டப்படும் ஒரு பெரிய டேட்டா சென்டர் வளாகத்துக்கு இது மிகையான அளவு அல்ல. விசாகப்பட்டினத்தில் கூகிள் கம்பெனி 2025 அக்டோபரில் அறிவித்த வளாகம் 1,000 மெகாவாட் கணக்கில் பேசப்படுகிறது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விஞ்ஞானத்தோடு நமக்குப் பகை இல்லை. அலமாரிக்குள்ளேயே தண்ணீர் ஓட்டுவது நல்ல முன்னேற்றம். அதில் ஒரு பெரிய நன்மை ஒளிந்திருக்கிறது. காற்றால் குளிர்விக்கும்போது 20, 25 டிகிரி குளிர்ந்த காற்று வேண்டும். சிப்பின் தலையிலேயே தண்ணீர் ஓடினால் அவ்வளவு குளிர்ச்சி தேவையில்லை. 40, 45 டிகிரி வெந்நீரே போதும். ஜெர்மனியில் கார்ஷிங் என்ற ஊரில் 2012இல் நிறுவிய சூப்பர்மக் என்ற பெரும் கம்ப்யூட்டர் வெந்நீரில்தான் ஓடியது. வெந்நீரைத் தணிக்கக் குளிர்பதன யந்திரமும் வேண்டாம், மண்பானையும் வேண்டாம். மாடியில் விசிறி போதும். பின்லாந்தில் கயானி என்ற ஊரில் உள்ள லூமி என்ற கம்ப்யூட்டரின் சூடு ஊர் ஜனங்களின் வீடுகளுக்குக் கணப்பாகப் போகிறது. (நம் ஊரில் சூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவாரில்லை என்பது வேறு விஷயம்.)

ஏகபோகக் கம்பெனிகளின் வாக்குமூலமே இருக்கிறது. குளிர்விப்பதற்காகத் தண்ணீரை ஆவியாக்காத கட்டிட அமைப்புக்கு மாறிவிட்டதாகவும், அதனால் ஒரு டேட்டா சென்டருக்கு வருஷத்துக்கு 12.5 கோடி லிட்டருக்கு மேல் மிச்சம் என்றும் மைக்ரோசாப்ட் கம்பெனி 2024 டிசம்பரில் அறிவித்தது. அப்படியானால் முடியும் என்றுதானே அர்த்தம்? அரிசோனா பாலைவனத்தில் முடிவது சிறுசேரியில் ஏன் முடியாது?

சென்னைக் கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி அடிக்கும்போது விசிறி மட்டும் போதுமா என்று இஞ்சினீயர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சில நாட்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும், அல்லது குளிர்பதன யந்திரத்தை ஓட்ட வேண்டியிருக்கும், மின்சாரம் கூடும். அதற்காக வருஷம் 365 நாளும் நல்ல தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? தெளிக்கும் தண்ணீருக்கும் வழி இருக்கிறது. கோயம்பேட்டில் 2019 முதல் சாக்கடை நீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்ப ஏற்பாடு நடந்திருக்கிறது. கார்க் கம்பெனி குடிக்கும் தண்ணீரைக் கம்ப்யூட்டர்க் கம்பெனி குடித்தால் குறைந்துபோகுமா?

வாரி வழங்கும் சர்க்கார்

ஆனால் சர்க்கார்கள் என்ன செய்கின்றன? 2021இல் தமிழ்நாடு சர்க்கார் டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டது, சலுகைகள் அறிவித்தது. முதலாளிகளைக் கூவி அழைப்பதில் மாநிலத்துக்கு மாநிலம் போட்டி. மத்திய சர்க்கார் 2020இல் வெளியிட்ட நகல் கொள்கையோ ஒரு படி மேலே போயிற்று. டேட்டா சென்டர்களை 1968ஆம் வருஷத்து எஸ்மா சட்டத்தின் கீழ் அத்தியாவசியப் பணியாக்க யோசனை சொன்னது. எஸ்மா என்றால் என்ன என்று தொழிலாளிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2003இல் டெஸ்மா என்ற அதன் தமிழ்நாட்டுத் தம்பியைக் காட்டி லட்சக்கணக்கான சர்க்கார் ஊழியர்களை ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அலமாரிகளின் பின்புறச் சந்தில் அனல் காற்றிலும் விசிறிகளின் காது அடைக்கும் இரைச்சலிலும் நின்று வேலை செய்பவனும், நடுநிசியில் குழாய்க் கசிவைத் தேடி ஓடும் பிட்டரும் கூலி உயர்வு கேட்டால் மட்டும் அவர்கள் செய்வது அத்தியாவசியப் பணி! தண்ணீர்க் கணக்குக் கேட்டால் அதே கட்டிடம் தனியார் சொத்து! சிங்கப்பூரில் ஒரு வால்வினால் இரண்டு பாங்குகள் நின்றதைப் பார்த்தோம். அந்த வால்வைக் கையில் வைத்திருப்பவனை நிரந்தரத் தொழிலாளியாக்கி, நல்ல பயிற்சியும் ஓய்வும் கொடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

ஐரோப்பாவில் முதலாளித்துவ சர்க்கார்களே கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டன. 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு டேட்டா சென்டரும் மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் தர வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2024இல் விதி செய்தது. நம் மதிப்பில் 500 கிலோவாட் என்பது மேலே சொன்ன நாலைந்து அலமாரிகள்தான். அந்த அளவு சிறியதற்கே அங்கே கணக்கு உண்டு.

நம் கோரிக்கை எளிமையானது. சலுகை வாங்கும் கம்பெனி, கட்டிட வரைபடத்தில் முதல் குழாயை மட்டுமல்ல, இரண்டாவது குழாய் எங்கே போகிறது என்பதையும் காட்டி அனுமதி வாங்கட்டும். ஏரி நீரும் நிலத்தடி நீரும் டேட்டா சென்டருக்குக் கிடையாது என்று சட்டம் செய்யட்டும். வெந்நீரில் ஓடும் அலமாரிக்குக் கூலிங் டவர் கேட்டால், ஏன் என்று காரணம் எழுதித் தரட்டும். மின்சாரத்துக்கு ஒரு மீட்டர் இருப்பது போல், உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு மீட்டர், வெளியே திறந்து விடும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் பொருத்தட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆகாயத்துக்குப் போன தண்ணீர். அந்த எண்ணை மாதந்தோறும் முதல் தேதியில் பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் தமிழில் எழுதி ஒட்டட்டும். பக்கத்திலேயே அந்த மாதம் ஊர் ஜனங்களுக்கு எத்தனை லிட்டர் வந்தது என்பதையும் எழுதட்டும்.